தெளிந்ததே தேறல்

மதுராந்தகத்தில் உள்ள 'மது' குடிக்கும் மது அன்று. மதுரைக்கு எமன் என்று பொருள்படும் சோழர் பட்டம் அது. ஆனால் மதுவின் பழைய தடம் இந்தச் சீமையில் உண்டு. பாலாறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே, வசவசமுத்திரத்தில், தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தபோது ஆம்போரா சாடியின் ஓடுகள் கிடைத்தன. திராட்சை மது கடல் கடந்த சாடி அது. 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டிய, புதுச்சேரிக்கு அருகேயுள்ள அரிக்கமேட்டில் கிரேக்கத்தின் கோஸ் தீவு வகைச் சாடிகளும் கிடைத்தன. கோஸ் மதுவில் கடல்நீர் கலப்பது வழக்கம்.

அந்த மதுவுக்கு நம்மவர் புதுப்பெயர் தேடவில்லை. புறநானூற்றின் 56ஆம் பாட்டில், யவனர் கலத்தில் வந்த குளிர்ந்த மதுவை நக்கீரர் 'தேறல்' என்கிறார். கலம் கப்பலும் ஆகும், பாத்திரமும் ஆகும்; இங்கே இரண்டும் பொருந்துவது என்ன அழகு!

தேறு என்றால் தெளி. நோய் நீங்கினால் உடம்பு தேறுகிறது. கலங்கிய நீரைத் தெளியவைப்பது தேற்றாங்கொட்டை. புளித்துப் பொங்கியது அடங்கி, மண்டி கீழே தங்க, மேலே நிற்கும் தெளிவுதான் தேறல். மலைநாட்டார் மூங்கில் குழாயில் முதிரவைத்த தேன்மதுவுக்கும் இதே பெயர். பழமோ தேனோ, எதில் செய்தார்கள் என்பதைச் சொல் கேட்பதில்லை. எப்படிச் செய்தார்கள் என்றே கேட்கிறது.

தொண்டை நாட்டைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையிலும் இதே போக்கு. வலைஞர் வீட்டில் அரிசிக் கூழை ஆறவைத்து, முளையரைத்த மாவு கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து, சாடியில் முதிரவிட்டு, விரலால் பிழிந்தெடுக்கிறார்கள். பெயர் 'பிழி'. அரித்தெடுத்தால் 'அரியல்'. எல்லாம் கைவேலையின் பெயர்கள். திராட்சைக் கொடி இல்லாத ஊரில் ஏரிப்பாசன நெல்லே மது தந்தது. ஏரியிலும் தேறலின் கணக்குத்தான்: நீர் தெளியும், வண்டல் அடியில் தங்கும். கோடையில் அந்த வண்டலை அள்ளி வயலுக்கு அடிப்பது நம் உழவரின் பழைய உரம்.

கனிக்கு வந்த 'திராட்சை' வடசொல். 'கொடிமுந்திரி' என்ற பெயரும் நம்மிடம் இருந்தது. இன்று தேனி மாவட்டத்துக் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு உண்டு, 2023இல் கிடைத்தது. ஆனால் அதன் மதுவைப் பற்றி எழுதுவோர் 'ஒயின்' என்றோ 'திராட்சை ரசம்' என்றோதான் எழுதுகிறார்கள். ரசம் சாறுதான், புளித்துத் தெளிந்ததை அது குறிக்காது. தேறல் என்றே எழுதுங்கள்.