தகடூர் வட்டாரத்து உருக்கு

அதியமான்களின் தகடூரே இன்றைய தருமபுரி. 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. 2004-இல் தருமபுரி மாவட்டத்திலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. அங்குள்ள மயிலாடும்பாறையின் இரும்புக்காலச் சான்று கி.மு. 2172-ஐச் சேர்ந்தது என்று 2022-இல் தமிழக அரசு அறிவித்தது. இன்றைய மாவட்ட எல்லைக்குள் இரும்பு, உருக்குத் தொழிலின் வரலாற்றை அடைக்க முடியாது.

சேலம் பகுதியில் உருக்கு செய்த முறையை 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் எழுதி வைத்தனர். இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்குச்சியைச் சிறு மண்மூசையில் அடைத்து, எருக்கிலையால் மூடி, களிமண்ணால் வாயைப் பூசுவார்கள். காய்ந்த மூசைகளை அடுக்கி, அடுப்புக்கரி கொட்டி, தோல் துருத்தியால் விடாமல் ஊதுவார்கள். உள்ளே குச்சியும் இலையும் கரிந்து, அந்தக் கார்பன் இரும்பில் ஏற, அது உருகும். மூசையை உடைத்தால் எஃகுக் கட்டி. வேண்டியதெல்லாம் உள்ளூர்ச் சரக்கு. கரிக்குத்தான் காடு அழிந்தது.

‘வூட்ஸ்’ என்று பெயர்பெற்ற இத்தகைய இந்திய எஃகை மைக்கேல் ஃபாரடே 1819-இல் ஆராய்ந்தார். ஐரோப்பாவின் மலிவான எஃகு வந்ததும், காட்டுக்குக் கட்டுப்பாடு வந்ததும் உலைகள் அணைந்தன. 2006-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் வூட்ஸ் எஃகால் ஆன பழைய டமாஸ்கஸ் வாளொன்றில் கார்பன் நானோகுழாய்களைக் கண்டனர். அதற்காகக் கொல்லருக்கு நானோ அறிவியல் தெரிந்திருந்தது என்பது மிகை. அவர்கள் அறிந்தது சூடும் பதமும்.