துருத்தியும் கையும்

கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆபரேஷனுக்காகக் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒருவரை அழைத்து வந்தால், வீட்டார் பிரிக்பீல்ட்ஸில் உறவினர் வீட்டில் தங்கிக்கொண்டு, விடிந்ததும் ஆபரேஷன் அறை வாசலில் போய் உட்காருவதை நாம் பார்த்திருக்கிறோம். கத்தியைப் பற்றி அவர்கள் அதிகம் பேசுவதில்லை. "மயக்க மருந்து கொடுத்தபின் எழுந்திருப்பாரா?" என்பதுதான் அவர்களுடைய கவலை.

இந்தப் பயத்தை அறியாமை என்று நாம் தள்ளிவிட முடியாது. 1848-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண், கால்விரல் நகம் எடுப்பதற்காகக் குளோரோபாரம் முகர்ந்தாள். சில நிமிடங்களில் உயிர் பிரிந்தது.

1942-இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் டாக்டர் ஹெரால்டு கிரிபித், தென் அமெரிக்கக் காட்டுவாசிகள் அம்பு முனையில் தடவிய குராரே என்னும் நஞ்சை மிகச் சிறிய அளவில் நோயாளிக்குக் கொடுத்தார். தசைகள் தளர்ந்தன, டாக்டரின் வேலை எளிதாயிற்று. ஆனால் இத்தகைய மருந்து அளவு கூடினால் நெஞ்சுத் தசைகளும் வேலை செய்யாமல் நின்றுவிடும். அப்போது மூச்சை வேறு யாராவது விட்டுக் கொடுக்க வேண்டும் அல்லவா?

அதைக் கையாலேயே செய்து காட்டிய ஊர் டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன். 1952-இல் அங்கே இளம்பிள்ளை வாதம் பரவியது. மூச்சு முடங்கி வந்த முதல் 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். மயக்க மருந்து டாக்டரான பியோர்ன் இப்சன், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்று ஊட்டலாம் என்றார். மருத்துவ மாணவர்கள் ஏறக்குறைய 1,500 பேர் முறை வைத்து, இரவு பகலாகப் படுக்கையருகே உட்கார்ந்து பையை அமுக்கினார்கள். சாவு வெகுவாகக் குறைந்தது. ஆனால் எத்தனை நாளைக்குத்தான் கை தாங்கும்? இதன் பிறகே மூச்சு இயந்திரங்களை எங்கும் தேடத் தொடங்கினார்கள்.

ஆபரேஷன் அறை இயந்திரத்தின் உள்ளே இருப்பது, கொல்லன் பட்டறையில் நாம் பார்த்த துருத்தி போன்ற ஒன்றுதான். வெளியிலிருந்து காற்று அழுத்த, துருத்தி சுருங்கி நோயாளிக்கு மூச்சை அனுப்பும். சில பழைய இயந்திரங்களில் இந்தத் துருத்தி மேலிருந்து தொங்கியது. நோயாளியின் குழாய் கழன்று விழுந்தாலும் அது தன் எடையால் கீழிறங்கி, அறைக் காற்றை இழுத்துக்கொண்டு மறுபடியும் ஏறும். பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோல் தோன்றும். நோயாளிக்கோ மூச்சே போகாது! பின்னர் கீழிருந்து எழும்பும் துருத்தியை வைத்தார்கள். குழாய் கழன்றால் அது எழும்பாமல் படுத்துவிடும். சிறிய மாற்றம்தான், ஆனாலும் எத்தனையோ உயிர்களைக் காத்த மாற்றம் என்றே நாம் கருதுகிறோம்.

விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்ஸிஜனை அளக்கும் கருவிக்கு வழி காட்டியவர், 1974-இல் ஜப்பானைச் சேர்ந்த தக்குவோ அயோயாகி. 1986-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவமனைகள் சில விதிகளை வெளியிட்டன. குழாய் கழன்றால் ஒலியெழுப்பும் கருவி வேண்டும். மயக்க மருந்து கொடுப்பவர் நோயாளியின் அருகைவிட்டு நகரக்கூடாது என்பவை அவற்றில் முக்கியமானவை. மணி அடித்தாலும் கேட்பதற்கு ஆள் வேண்டுமே!

வீட்டார் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. காலையில் ஒரு வாய் தேத்தண்ணி குடித்திருந்தாலும் டாக்டரிடம் மறைக்கக்கூடாது. மயக்கத்தில் வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். ஆடும் பல், இழுப்பு நோய், தோட்டத்து மருந்தகத்தில் வாங்கிச் சாப்பிடும் மாத்திரை, குடும்பத்தில் முன்பு எவருக்காவது மயக்க மருந்தால் நேர்ந்த தொல்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும்.

காலையில் முதல் நோயாளியை உள்ளே கொண்டுவரும் முன், குழாயின் வாயை அடைத்துக் காற்றுக் கசிகிறதா, துருத்தி நிற்கிறதா என்று சோதிப்பார்கள். கூடவே இன்னொன்றையும் பார்ப்பார்கள். 1956-இல் அதே டென்மார்க்கில் ஹென்னிங் ரூபன் உருவாக்கிய, தானே உப்பிக்கொள்ளும் கைப்பை பக்கத்தில் இருக்கிறதா என்று. மின்சாரமோ இயந்திரமோ நின்றுபோனால், அந்தப் பையை எடுத்துக் கையால் அமுக்குவார்கள்.