பெயர்ந்தவருக்கு ஒரு சட்டம், இருந்தவருக்கு ஒரு சட்டம்: ஐரோப்பியக் குடிமக்களின் அயல்நாட்டுத் துணைவரும் வேலை உரிமையும்

கோபன்ஹேகனில் இரண்டு திருமணங்களை எண்ணிப் பார்ப்போம். ஒரு மாப்பிள்ளை அங்கே வேலைபார்க்கும் போலந்துக்காரர். மற்றவர் அந்நகரிலேயே பிறந்து வளர்ந்த டேனியக் குடிமகன். இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து பெண்ணெடுக்கிறார்கள். போலந்துக்காரரின் மனைவிக்கு நுழைவு விசா கட்டணமின்றி, விரைவான நடைமுறையில் கிடைக்க வேண்டும். அவருக்கு மொழித் தேர்வும் இல்லை, வயது வரம்பும் இல்லை. கணவரோடு சேர்ந்த நாள்முதல் வேலைக்குப் போகலாம். டேனியரின் மனைவி டென்மார்க்கின் உள்நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டவர். அவருக்கு, கணவன் மனைவி இருவருக்கும் 24 வயது நிரம்பியிருக்க வேண்டும், கணவர் வங்கி உத்தரவாதம் தர வேண்டும், வீட்டு வசதியைக் காட்ட வேண்டும் என்று நிபந்தனைகள் நீள்கின்றன. சொந்த நாட்டில் சொந்தக் குடிமகனுக்கு, வந்து தங்கிய அயலவருக்கு இருக்கும் குடும்ப உரிமைகூட இல்லை.

இந்த முரண் கவனக்குறைவால் நேர்ந்ததல்ல. வாழ்க்கைத்துணையின் உரிமையை ஐரோப்பியச் சட்டம் அவருடைய உரிமையாகக் கருதியதே இல்லை என்பதன் நேரடி விளைவு இது. வதிவிடமும் வேலையும் அவரது உழைப்பின் மீது நிறுவப்படாமல், துணைவரின் இடப்பெயர்வின் மீது நிறுவப்பட்டுள்ளன. அந்த அடித்தளத்தை மாற்ற வேண்டும் என்பதும், மாற்றுவதற்கான முன்மாதிரி ஐரோப்பியச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

1968இல் வந்த 1612/68ஆம் ஒழுங்குவிதியில் இதன் வேர் இருக்கிறது. தொழிலாளர்கள் ஓர் உறுப்பு நாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தடையின்றிப் போக வேண்டும் என்பது அதன் நோக்கம். மனைவி மக்களை விட்டுவிட்டு எவரும் போகமாட்டார் என்பதால் குடும்பத்தையும் அழைத்துவர அனுமதித்தார்கள். துணைவர் எந்த நாட்டவராயினும் வேலை செய்யவும் இடமளித்தார்கள். சந்தையின் தேவைக்காகக் குடும்பம் காக்கப்பட்டது. அந்தக் கணக்கின் மறுபக்கம் 1982இல் மோர்சன், ஜான்ஜன் வழக்கில் வெளிப்பட்டது. நெதர்லாந்தை விட்டு வேறெங்கும் போய் வேலைசெய்யாத நெதர்லாந்துக் குடிமக்கள், சூரினாமிலிருந்து தங்கள் தாய்மாரை அழைத்துக்கொள்ளக் கேட்டார்கள். நீங்கள் எல்லை தாண்டவில்லை, ஆகவே ஐரோப்பியச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது என்றது லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம்.

பத்தாண்டு கழித்து, 1992 ஜூலையில், சுரிந்தர் சிங் வழக்கு இதற்கு ஒரு புறவாசலைத் திறந்தது. இந்தியரான அவரும் பிரித்தானியரான அவர் மனைவியும் ஜெர்மனியில் சில ஆண்டுகள் வேலைசெய்துவிட்டு பிரித்தானியாவுக்குத் திரும்பியிருந்தார்கள். இன்னொரு நாட்டில் உழைத்துவிட்டுத் தாய்நாடு திரும்பும் குடிமகளின் துணைவருக்கும் ஐரோப்பியச் சட்டத்தின் காப்பு உண்டு என்று தீர்ப்பு வந்தது. 2002இல் டென்மார்க் 24 வயது விதியைக் கொண்டுவந்ததும், இளம் தம்பதிகள் ஓரெசுண்ட் பாலத்தைக் கடந்து சுவீடனின் மால்மோவில் குடியேறினார்கள். நெதர்லாந்துக்காரர்கள் பெல்ஜியத்துக்குப் போனார்கள். 2012இல் 18,600 பவுண்டு வருமான வரம்பு விதிக்கப்பட்டபின் பிரித்தானியர்கள் அயர்லாந்தைத் தேடிப் போனார்கள். அப்படிப் போய்த் திரும்புவோர் குறைந்தது மூன்று மாதங்களாவது அங்கே மெய்யாகக் குடியிருந்து குடும்பம் நடத்தியிருக்க வேண்டும் என்று 2014இல் நீதிமன்றம் வரையறுத்தது.

24 வயது விதிக்கு அதன் ஆதரவாளர்கள் சொல்லும் காரணம் கட்டாயத் திருமணத் தடுப்பு. அந்தக் கவலையை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. புலம்பெயர் சமூகங்களில் வற்புறுத்தல் நடக்கவே செய்கிறது. ஆனால் கோபன்ஹேகனில் ஐயத்துக்குரியதான ஒரு திருமணம் மால்மோவுக்குக் குடிபோனதும் ஏற்புடையதாகிறது என்றால், அவ்விதி திருமணத்தின் தன்மையைச் சோதிக்கவில்லை. வேலையை விட்டு, வீட்டை மாற்றி, அயல்நாட்டில் வாடகை கொடுத்துச் சில மாதம் தாக்குப்பிடிக்க வசதி இருக்கிறதா என்பதையே சோதிக்கிறது. வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் மகனும், குறைந்த கூலியில் மருத்துவமனையைத் துப்புரவு செய்யும் மகளும் அந்தச் சோதனையில் தோற்பார்கள். பெயர்ந்து வாழும் ஐரோப்பியக் குடிமக்களுக்கும் அவர்கள் குடும்பத்தினருக்கும் உள்ள உரிமைகளை இன்று வரையறுப்பது 2004/38ஆம் நெறியாணை. போலித் திருமணங்களைத் தடுக்க அதன் 35ஆவது பிரிவே நாடுகளுக்கு அதிகாரம் தருகிறது. அது ஒவ்வொரு திருமணத்தையும் தனித்தனியே பார்க்கச் சொல்கிறது. ஒரு தலைமுறையை மொத்தமாகத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை.

இனி வேலை. நெறியாணையின் 23ஆவது பிரிவில் மயக்கத்துக்கு இடமில்லை: வதிவிட உரிமை உள்ள குடும்பத்தினர் எந்த நாட்டவராயினும் கூலி வேலையோ சொந்தத் தொழிலோ செய்யலாம். தனியாக வேலை அனுமதி தேவையில்லை. வதிவிட அட்டை இந்த உரிமையை உண்டாக்குவதில்லை. இருப்பதை உறுதிசெய்கிறது, அவ்வளவுதான். அட்டை கையில் இருந்தால்தான் உரிமை என்று எவரும் சொல்லக்கூடாது என 25ஆவது பிரிவும் தடுக்கிறது. ஆனால் உணவக முதலாளிக்கு 25ஆவது பிரிவு தெரியாது. ஆவணமில்லாதவரை வேலைக்கு வைத்தால் தண்டம் என்பது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும். அட்டையைக் காட்டு என்கிறார். அட்டை வர ஆறு மாதம் வரை ஆகலாம். அந்த ஆறு மாதத்துக்குள் முடிவெடுப்பது மட்டும் போதாது, அதை விண்ணப்பித்தவருக்குத் தெரிவித்தும் ஆக வேண்டும் என்று 2018இல் தியாலோ வழக்கில் நீதிமன்றம் பெல்ஜியத்துக்குச் சொல்ல நேர்ந்தது.

தாமதம் என்ன செய்யும் என்பதை ஈழத் தமிழர் டென்மார்க்கில் முன்பே கண்டிருக்கிறார்கள். 1987இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போட வைத்தார். ‘தமிழர் விவகாரம்’ என்றே அந்நாட்டில் அறியப்படும் அது 1993இல் பிரதமர் பௌல் ஷ்லூட்டரைப் பதவி விலக வைத்தது. அமைச்சர் 1995இல் தண்டிக்கப்பட்டார். அது அகதிகள் சட்டத்தின் கீழ் எழுந்த விவகாரம், இங்கே பேசும் நெறியாணையின் கீழ் அல்ல. ஆயினும் படிப்பினை பொருந்தும்: உரிமையை மறுப்பதற்கு மறுப்பாணை எழுத வேண்டியதில்லை, கோப்பைத் தொடாமல் வைத்திருந்தாலே போதும்.

அட்டை வந்தபிறகும் உரிமைக்கு எல்லைக்கோடு உண்டு. 2006இல் முடிந்த மாத்தர்ன், சிகோட்டிச் வழக்கில் மனைவி லக்சம்பர்க் குடிமகள். அவரது வேலை பெல்ஜியத்தில். யூகோஸ்லாவியரான கணவர் லக்சம்பர்க்கில் வேலைசெய்ய விரும்பினார். மனைவி வேலைசெய்யும் நாட்டில்தான் உங்களுக்கு உரிமை என்று நீதிமன்றம் கூறிவிட்டது. இது அந்த உரிமை யாருடையது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

மணம் முறியும்போது இன்னும் தெளிவாகிறது. பிரிந்து வாழ்ந்தாலும் மணவிலக்கு ஆகும்வரை உரிமை நீங்காது என்று 1985இலேயே தியாத்தா வழக்கு நிலைநாட்டியிருந்தது. மணவாழ்வு மூன்றாண்டு, அதில் ஓராண்டு அந்த நாட்டில் என்றிருந்தால், மணவிலக்குக்குப் பிறகும் தங்கலாம் என்று நெறியாணையின் 13ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் 2015இல் அயர்லாந்திலிருந்து வந்த குல்தீப் சிங் வழக்கில் ஒரு முடிச்சு விழுந்தது. மணவிலக்கு வழக்கு தொடங்கும் முன்பே ஐரோப்பியத் துணை நாட்டைவிட்டுப் போய்விட்டால், எஞ்சியவரின் உரிமை அன்றே போய்விடும். துணைவர் விமானம் ஏறும் நாளைப் பொறுத்து ஒருவரின் பிழைப்பு நிற்கிறது. அடுத்த ஆண்டு, அடித்துத் துன்புறுத்திய கணவர் பிரித்தானியாவைவிட்டுப் போய்விட்டார் என்பதற்காக ஒரு பாகிஸ்தானியப் பெண்ணுக்கும் 13ஆவது பிரிவின் காப்பு மறுக்கப்பட்டது. குடும்ப வன்முறைக்கு ஆளானவர்கள் விஷயத்தில் மட்டும் 2021இல் நீதிமன்றம் இறங்கிவந்தது: துணை போனபிறகும் நியாயமான காலத்துக்குள் மணவிலக்கு கோரினால் போதும்.

அதே குல்தீப் சிங் தீர்ப்பில் அதிகம் பேசப்படாத இன்னொரு பாதி உண்டு. ஐரோப்பியக் குடிமகள் அயல்நாட்டில் தங்குவதற்குப் ‘போதிய வருவாய்’ வேண்டும்; அந்த வருவாய் அயல்நாட்டுக் கணவரின் சம்பாத்தியத்திலிருந்து வரலாம் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. 2019இல் பஜ்ராத்தாரி வழக்கில் ஒரு படி மேலே போய், அனுமதியின்றி வேலைசெய்த தந்தையின் கூலியும் ஐரோப்பியக் குடிமக்களான குழந்தைகளின் வருவாயாகக் கணக்கில் சேரும் என்றது. ஆக, அவளால் அவனுக்கு உரிமை என்று சட்டம் எழுதிவைத்திருக்கும் வீட்டில், அவன் உழைப்பால்தான் அவளுக்கே தங்கும் உரிமை நிற்கக்கூடும். சார்பு இருபக்கமும் இருக்க, சட்டம் ஒரு பக்கத்தை மட்டும் எழுதிவைத்திருக்கிறது.

சுரிந்தர் சிங் தீர்ப்பு வந்த அதே 1992இல், டிசம்பரில், இன்னொரு தீர்ப்பும் வந்தது. காசிம் குஷ் என்ற துருக்கியர் ஜெர்மன் பெண்ணை மணந்து, அதன் பேரில் அனுமதி பெற்று வேலைக்குச் சேர்ந்தவர். பிறகு மணவிலக்கு ஆனது. ஐரோப்பியச் சமூகம் துருக்கியோடு செய்த உடன்பாட்டின் கீழ் வந்த 1/80ஆம் முடிவின்படி, ஓராண்டுக்கு மேல் முறையாக வேலைசெய்தவர் அதே முதலாளியிடம் தொடரலாம். அனுமதி முதலில் திருமணத்தால் கிடைத்தது என்பது பொருட்டல்ல என்றது நீதிமன்றம். வேலையைத் தொடர அவருக்குள்ள உரிமையோடு தங்கும் உரிமையும் சேர்ந்தே வரும் என்றது. அந்த முடிவின் 6ஆவது பிரிவில் உரிமை படிப்படியாக விரிகிறது: நான்காண்டு முறையாக வேலைசெய்தவர் விரும்பிய எந்த வேலையிலும் சேரலாம்.

2004/38ஆம் நெறியாணைக்குள் கொண்டுவர வேண்டியது இந்தப் படிமுறையைத்தான். ஓராண்டு முறையாக வேலைசெய்த வாழ்க்கைத்துணை, மணம் நிலைத்தாலும் முறிந்தாலும், மற்றவர் இருந்தாலும் போனாலும், தன் பெயரிலேயே வதிவிட அட்டையைப் புதுப்பித்துக்கொள்ள 13ஆவது பிரிவில் ஓர் உட்பிரிவு போதும். குழந்தை வளர்ப்பிலும் நோயுற்றோர் பராமரிப்பிலும் கழிந்த காலமும் அந்த ஓராண்டில் சேர வேண்டும். இல்லாவிட்டால், வீட்டுக்குள் உழைக்கும் பெண்கள்தான் விடுபட்டுப்போவார்கள். நாட்டைவிட்டுப் பெயராத குடிமக்களின் துணைவருக்கு இதே காப்பை விரிக்க, உறுப்பு நாடுகள் லக்சம்பர்க்கிலிருந்து தீர்ப்பு வரக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த அதிகாரம் அவற்றின் நாடாளுமன்றங்களிடமே இருக்கிறது.