மோட்டார் பிளக்கை எப்போது மாற்றுவது? தோட்டச் சாலைக்குக் கணக்கு வேறு

நியாலாஸ் வட்டாரத்தில் வேலைக்குப் போகிறவர்களுக்கு மோட்டார்தான் கால். விடியற்காலையில் செம்பனைத் தோட்டத்துப் பெரட்டுக்குப் போவதானாலும், பிள்ளையைப் பள்ளியில் விடுவதானாலும், ஜாசின், அசகான், செலண்டார் பக்கம் சாமான் வாங்கப் போவதானாலும் கப்சாய் இல்லாமல் நடக்காது. அந்த மோட்டார் காலை ஐந்தரை மணிக்கு உதைத்து உதைத்தும் கிளம்பாவிட்டால் அன்றைய வேலை கெட்டுப்போகும். 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 வேலை நாளுக்கு வகுத்தால் ஒரு நாள் கூலி ஏறக்குறைய 65 வெள்ளி வருகிறது. கிளம்பாத மோட்டாரில் பல நேரம் குற்றவாளியாக இருப்பது பத்து வெள்ளிக்குள் கிடைக்கும் ஒரு சாதாரண ஸ்பார்க் பிளக்.

அதை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஹோண்டாவின் சிறிய மோட்டார்களுக்கான கையேடுகள் பலவற்றில் 4,000 கிலோமீட்டரில் கழற்றிப் பார்க்கவும், 8,000 கிலோமீட்டரில் மாற்றவும் சொல்லியிருக்கும். பிளக் தயாரிக்கும் என்ஜிகே நிறுவனமோ ஜப்பானில் மோட்டார் சைக்கிள்களுக்கு 3,000 முதல் 5,000 கிலோமீட்டர் வரை என்கிறது. தன் சரக்கை விற்கிற நிறுவனம் அப்படித்தான் சொல்லும் என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் தோட்டத்துக்குள் ஓடும் மோட்டாருக்கு அந்தக் கணக்கே கிட்டத்தில் வருகிறது.

காரணம் பிளக் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும் நான்கு ஸ்ட்ரோக் இயந்திரத்தில் பிளக் நிமிடத்துக்குக் குறைந்தது 3,000 முறை பொறி தட்ட வேண்டும். ஒவ்வொரு பொறியும் முனையில் கண்ணுக்குத் தெரியாத அளவு உலோகத்தைத் தின்கிறது. முனை தேயத் தேய இடைவெளி கூடுகிறது. இடைவெளி கூடினால் அதைத் தாண்டிக் குதிக்க அதிக மின்னழுத்தம் வேண்டும். அந்தச் சுமை காயில் மீது விழுகிறது. காலையில் கிளம்ப மறுப்பது, மேட்டில் இழுவை குறைவது, பெட்ரோல் கூடுதலாகக் குடிப்பது எல்லாம் இதன் அறிகுறிகள்.

இது எல்லா மோட்டாருக்கும் பொது. தோட்டத்து மோட்டாருக்கு இன்னொரு தொல்லை உண்டு. பிளக்கின் முனை ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் தன் மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓடினால் அந்தச் சூடு தானாக வந்துவிடும். லயத்திலிருந்து வேலைக்காட்டுக்கு இரண்டு கிலோமீட்டர், அங்கே நிறுத்தம், பிறகு முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் செம்மண் சாலையில் ஊர்ந்து போவது என்று ஓடும் மோட்டாரில் அது வருவதில்லை. சோக்கை இழுத்துக் கிளப்பிவிட்டு அதைத் தள்ள மறந்தால் கரி இன்னும் வேகமாகச் சேரும். காற்று வடிகட்டியில் செம்மண் தூசு அடைத்திருந்தாலும் அதே கதை. காற்றுக் குறைந்து, பெட்ரோல் கூடி, பிளக் கறுக்கும். ஆக இங்கே பிளக் தேய்ந்து சாவதைவிடக் கரி பிடித்துச் சாவதே அதிகம். கிலோமீட்டர் குறைவாக ஓடியிருப்பதால் பிளக் புதிதாக இருக்கும் என்று நினைப்பது தவறு.

பழைய கப்சாய்களில் பாதிக்கு மீட்டரே ஓடாது என்பது வேறு விஷயம். அதனால் கிலோமீட்டரை விட்டுவிட்டு எண்ணெய் மாற்றுவதை வைத்துக் கணக்குப் பார்ப்பது எளிது. பட்டறைகளில் வழக்கமாக 1,500 முதல் 2,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுவார்கள். இரண்டாவது முறை எண்ணெய் மாற்றும்போது பிளக்கைக் கழற்றிப் பார்த்து, நான்காவது முறை மாற்றிவிட்டால் கையேட்டின் கணக்குக்குள் வந்துவிடும். தோட்டத்துக்குள் மட்டுமே ஓடும் மோட்டாராக இருந்தால் மூன்றாவது முறையிலேயே மாற்றுவது நல்லது. அதிகம் ஓடாத மோட்டாருக்கும் வருடம் ஒரு பிளக் போட்டால் குறையில்லை.

கழற்றிய பிளக்கைத் தூக்கி எறியும் முன் அதன் முனையைப் பார்க்க வேண்டும். இளம் பழுப்பு அல்லது சாம்பல் நிறமாக இருந்தால் இயந்திரம் நலமாக இருக்கிறது. காய்ந்த கரியாகக் கறுத்திருந்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. அப்போது முதலில் காற்று வடிகட்டியையும், பிறகு சோக், கார்பரேட்டரையும் பார்க்க வேண்டும். வெளுத்து, முனையில் கொப்புளம் போல் இருந்தால் இயந்திரம் அளவுக்கு மேல் சூடாகிறது, அல்லது எங்கோ காற்று கசிந்து பெட்ரோல் குறைகிறது. ஈரமாக, எண்ணெய் வழியக் கறுத்திருப்பதுதான் கவலைப்பட வேண்டியது. பிஸ்டன் ரிங் அல்லது வால்வ் சீல் தேய்ந்து எண்ணெய் மேலே ஏறுகிறது என்று பொருள். இதற்கு மாதம் ஒரு பிளக் மாற்றினாலும் தீராது. பிளக்குக்குச் செலவழிக்கும் பணத்தைச் சேர்த்து இயந்திரத்தைத் திறந்து பார்ப்பதே மேல்.

கடையில் வாங்கும்போது பிளக்கின் மீது அச்சிட்ட எழுத்துகளைக் கவனிக்க வேண்டும். கார்பரேட்டர் வைத்த பழைய இஎக்ஸ்5 போன்ற கப்சாய்களில் பரவலாகப் பயன்படுவது என்ஜிகேயின் சி6எச்எஸ்ஏ, சி7எச்எஸ்ஏ வகைகள். இதில் சி என்பது 10 மில்லிமீட்டர் திருகு. எச் என்பது 12.7 மில்லிமீட்டர் நீளம். நடுவில் வரும் எண் வெப்ப அளவு. எண் கூடினால் சூட்டை விரைவாக வெளியேற்றும் குளிர்ந்த பிளக். நிதானமாக ஓடும் தோட்டத்து மோட்டாருக்கு, கையேடு இடம் கொடுத்தால், எண் குறைந்ததே பொருத்தம். வேகமாக ஓட்ட ஆசைப்பட்டு எட்டு, ஒன்பது என்று போட்டால் கரிதான் சேரும். டென்சோ பிளக்கில் எண் வேறு மாதிரி இருக்கும். அதன் 20 என்ஜிகேயின் 6க்கும், 22 என்பது 7க்கும் சமம்.

வேவ் 125க்கு வரும் சிபிஆர்6இஏ-9 வேறு குடும்பம். இ என்றால் திருகின் நீளம் 19 மில்லிமீட்டர். நீளமான இந்தப் பிளக்கைக் குட்டையான துளையில் போட்டால் பிஸ்டனில் இடித்துவிடும் ஆபத்து உண்டு. ஆர் என்பது உள்ளே மின்தடை இருப்பதைக் காட்டுகிறது. எஃப்ஐ மோட்டார்களில் ஆர் இல்லாத பிளக்கைப் போட்டால் கணினிப் பெட்டியின் வேலையில் குழப்பம் வரலாம். கடைசியில் உள்ள 9 என்பது 0.9 மில்லிமீட்டர் இடைவெளி. பழைய கப்சாய்களுக்கு 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் போதும்.

இரிடியம் பிளக் பற்றி இளைஞர்களிடம் பேச்சு அதிகம். விலை சாதாரணப் பிளக்கைப்போல் பல மடங்கு. பொறி நன்றாக விழும், காலையில் எளிதாகக் கிளம்பும், அது உண்மை. ஆனால் மோட்டாருக்கு விற்கும் பல இரிடியம் பிளக்குகளில் நடு முனை மட்டுமே இரிடியம். எதிர் முனை பழைய நிக்கல்தான். விலை கூடிய அளவுக்கு ஆயுள் கூடும் என்று எதிர்பார்க்க முடியாது. வேலைக்குப் போகும் கப்சாய்க்கு அது தேவையில்லை.

மாற்றும் வேலையை வீட்டிலேயே செய்யலாம். இயந்திரம் ஆறியிருக்க வேண்டும். சிலிண்டர் ஹெட் அலுமினியம் என்பதால் சூட்டில் கழற்றினால் திருகு கெடும். பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் ஊதித் துடைக்க வேண்டும். இல்லையென்றால் அந்த மண் நேராகச் சிலிண்டருக்குள் விழும். மூடியைப் பிடித்து இழுக்க வேண்டும், கம்பியைப் பிடித்து அல்ல. புதிய பிளக்கைக் கையால் கடைசி வரை திருகிவிட்டு, 16 மில்லிமீட்டர் பிளக் ஸ்பேனரால் அரைச் சுற்று மட்டும் இறுக்கினால் போதும். பழைய பிளக்கையே திரும்பப் போட்டால் அதில் ஆறில் ஒரு பங்கு. பலம் காட்டி இறுக்கி ஹெட்டின் திருகு கழன்றால், அதைச் சரிசெய்யும் கூலியில் பல வருடத்துக்குப் பிளக் வாங்கலாம்.

புதிய பிளக் போட்டும் கிளம்பாவிட்டால் பிளக் மூடியைப் பார்க்க வேண்டும். மழையில் நனைந்து உள்ளே பச்சை பூத்திருப்பதும், கம்பியை எலி கடித்திருப்பதும் தோட்டத்து வீடுகளில் புதிதல்ல. நிறம் நன்றாக இருக்கும்போதே மாற்றிய பழைய பிளக் ஒன்றைத் துணியில் சுற்றி, ஸ்பேனரோடு சேர்த்து மோட்டாரின் கருவிப் பையில் போட்டு வைத்தால், காட்டு நடுவில் நின்றுவிட்டாலும் வீடு வந்து சேரலாம்.