மாதச் சந்தா கட்டி ஆன்லைன் கேம் ஆடலாமா? - ஒரு கணக்கு வரலாறு

2004 நவம்பர் 23. அமெரிக்காவில் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற ஆன்லைன் விளையாட்டு வெளியானது. கேம் பெட்டியைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அதோடு விட்டார்களா என்றால் இல்லை. மாதாமாதம் 14.99 டாலர் சந்தா வேறு கட்டினால்தான் உள்ளே நுழையவே முடியும். அன்றைய மதிப்பில் சுமார் 650 ரூபாய்.

அதே 2004 பிப்ரவரியில்தான் தர்மபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. அடுத்த வருடம் ஜனவரியில் பிஎஸ்என்எல் 'டேட்டாஒன்' பிராட்பேண்ட் சேவையைத் தொடங்கியது. மாதம் 500 ரூபாய் திட்டத்தில் 256 கேபிபிஎஸ் வேகம். அதிலும் இவ்வளவுதான் டவுன்லோடு செய்யலாம் என்று வரம்பு. ஆக, ஓசூரில் ஒரு வீட்டுக்கு இணையம் கொண்டுவர ஆகும் செலவைவிட, அந்த இணையத்தில் ஒரே ஒரு கேம் ஆட ஆகும் செலவு அதிகம்! ஆசைப்பட்டவர்கள் இருந்திருப்பார்கள். வீட்டில் கேட்டிருக்க மாட்டார்கள் :-)

சரி, அந்த 15 டாலர் எங்கிருந்து வந்தது? சந்தா கட்டலாமா வேண்டாமா என்று இன்று யோசிப்பவர்களும் முதலில் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் மாதச் சந்தா வந்தபோது அது கொள்ளையாகத் தெரியவில்லை, விடுதலையாகத்தான் தெரிந்தது.

பலர் ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடும் கற்பனை உலகத்துக்கு மூத்த முன்னோடி 1978இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த 'மட்'. படம் கிடையாது, வெறும் எழுத்துதான். அங்கே மாணவர்கள் ஓசியில் ஆடினார்கள். அமெரிக்காவில் கம்ப்யூசர்வ் நிறுவனம் 1985இல் 'ஐலண்ட்ஸ் ஆஃப் கெஸ்மாய்' விளையாட்டைக் கொண்டுவந்தபோது மீட்டர் போட்டுவிட்டார்கள். 300 பாட் மோடத்தில் ஆடினால் மணிக்கு 6 டாலர். 1200 பாட் என்றால் மணிக்கு 12 டாலர். வேகமான மோடம் வாங்கியவனுக்கு இரட்டைத் தண்டனை! 1991இல் ஏஓஎல்லில் வந்த 'நெவர்விண்டர் நைட்ஸ்' விளையாட்டும் மணிக்கணக்கில்தான் காசு வாங்கியது. மாத பில்லைப் பார்த்து அதிர்ந்து போன குடும்பங்கள் அங்கே ஏராளம்.

மீட்டர் ஓடும் இடத்தில் கம்பெனியின் ஆசை என்னவாக இருக்கும்? நீங்கள் மெதுவாக ஆட வேண்டும், நிறைய நேரம் இருக்க வேண்டும். ப்ரௌசிங் சென்டரில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும். ஒரு பக்கம் திறக்க ஐந்து நிமிடம், மூலையில் ஓடும் கடிகாரத்தின் மேல் ஒரு கண், சரியாக முக்கியமான கட்டத்தில் "தம்பி, டைம் முடிஞ்சுது".

1996 செப்டம்பரில் 'மெரிடியன் 59' மாதத்துக்கு ஒரே தொகை என்ற முறையில் வந்தது. அந்த வருடக் கடைசியில் ஏஓஎல்லும் மாதம் 19.95 டாலருக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இணையம் என்று இறங்கிவந்தது. 1997 செப்டம்பர் 24 அன்று 'அல்டிமா ஆன்லைன்', மாதம் 9.95 டாலர். கெஸ்மாயில் இரண்டு மணி நேரம் ஆடக்கூடப் போதாத பணத்தில் மாதம் முழுக்க! கூட்டம் அலைமோதியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

1999 மார்ச்சில் 'எவர்க்வெஸ்ட்' வந்தது. ஆட ஆரம்பித்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை என்பதால் போதைப் பொருளின் பெயரைச் சேர்த்து அதற்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். பொருளாதாரப் பேராசிரியர் எட்வர்ட் காஸ்ட்ரோனோவா 2001இல் ஒரு வேடிக்கையான வேலை செய்தார். அந்த விளையாட்டில் வரும் நாரத் என்ற உலகத்தை ஒரு நாடாகவே பாவித்து அதன் தேசிய வருமானத்தைக் கணக்கிட்டார். தலைக்கு 2,266 டாலர் வந்தது. ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் நடுவில், உலகின் 77ஆவது பணக்கார நாடு! அன்றைய இந்தியாவின் தனிநபர் வருமானம் இதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. இல்லாத நாட்டின் இல்லாத குடிமகன் நம்மூர்க்காரரைவிட வசதியாக இருந்திருக்கிறான்.

மாதச் சந்தா என்பது அமெரிக்கச் சம்பளத்துக்கும் அமெரிக்க கிரெடிட் கார்டுக்கும் தைத்த சட்டை. மற்ற நாடுகள் அதைத் தங்கள் அளவுக்கு மாற்றித் தைத்துக்கொண்டன. கொரியாவில் 1998இல் வந்த 'லீனேஜ்' விளையாட்டுக்கான கட்டணத்தை 'பிசி பாங்' எனப்படும் கணினி மையங்களே கம்பெனிக்குக் கட்டின. ஆட வருபவர் மையத்துக்கு மணிக்கணக்கில் கொடுத்தால் போதும். சீனாவில் 2005இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வந்தபோது மாதச் சந்தாவுக்குப் பதில் நேர அட்டை விற்றார்கள். 30 யுவானுக்கு 66 மணி 40 நிமிடம். மணிக்கு அரை யுவானுக்கும் குறைவு. இந்த மாதம் 10 மணி நேரம்தான் ஆடினீர்களா? மிச்சம் அட்டையிலேயே இருக்கும். அமெரிக்காவில் பழைய காலத்து மீட்டர் என்று தூக்கிப்போட்ட முறை, விலை குறைந்ததும் ஏழை ஆட்டக்காரனுக்கு நியாயமான முறையாக மாறிவிட்டது. இந்த வரலாறு முழுவதிலும் மிகவும் கெட்டிக்கார யோசனை இதுதான்.

இந்தியாவிலும் முயற்சி நடந்தது. 2000களின் நடுவில் 'லெவல் அப்' நிறுவனம் கொரியாவின் 'ராக்னராக் ஆன்லைன்' விளையாட்டை இங்கே கொண்டுவந்தது. 'இந்தியாடைம்ஸ்' நிறுவனம் 'ஏ3' என்ற இன்னொரு கொரிய விளையாட்டை நடத்தியது. இரண்டும் நிலைக்கவில்லை. சந்தா அதிகம் என்பதால்தான் நிலைக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. கல்லூரி மாணவன் கையில் கிரெடிட் கார்டு இல்லை, வீட்டில் நல்ல கணினி இல்லை, நூற்றுக்கணக்கான எம்பி பேட்ச் இறக்க டவுன்லோடு வரம்பு விடவில்லை. டேட்டாஒன்னின் சில திட்டங்களில் இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை இறக்குவது கணக்கில் சேராது. அதனால் அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடு போட்டுவிட்டுத் தூங்கிய ஒரு தலைமுறையே இருந்தது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டுக்கு இந்தியாவில் சர்வரே வைக்கவில்லை. ஆட வேண்டும் என்றால் வெளிநாட்டு சர்வர்தான்.

இங்கேதான் ஓசூர்க் கணக்கு வருகிறது.

அந்த விளையாட்டின் முக்கியமான பகுதியே 'ரெய்டு'. ஆரம்ப வருடங்களில் பெரிய ரெய்டுக்கு 40 பேர் சேர வேண்டும். 2007 ஜனவரியில் வந்த அடுத்த பாகத்தில்தான் இதை 25 ஆகக் குறைத்தார்கள். 40 பேரும் சொன்ன நாளில், சொன்ன நேரத்தில், மூன்று நான்கு மணி நேரம் உட்கார வேண்டும். வராதவனைக் குழுவிலிருந்து கழற்றிவிடுவார்கள். ஐரோப்பிய சர்வரில் பாரிஸ்காரர்கள் சாப்பிட்டுவிட்டு இரவு 8 மணிக்குக் கூடினால், குளிர்காலத்தில் நமக்கு நள்ளிரவு 12.30!

ஓசூர் சிப்காட் ஊர். அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று பெரிய ஆலைகளும் அவற்றை நம்பி நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளும் உள்ள இடம். சமீப வருடங்களில் டாட்டா எலக்ட்ரானிக்ஸ், ஏத்தர், போச்சம்பள்ளி பக்கம் ஓலா என்று இன்னும் வளர்ந்துவிட்டது. இருபது இருபத்தைந்து வயதுப் பையன்களும் பெண்களும் ஆயிரக்கணக்கில் ஷிப்ட் பார்க்கிறார்கள். செகண்ட் ஷிப்ட் முடித்து வருபவனுக்கு நள்ளிரவு 12.30 ரொம்ப வசதி. ஆனால் அடுத்த வாரம் நைட் ஷிப்ட், அதற்கடுத்த வாரம் விடியற்காலையில் கம்பெனி பஸ். மூன்று வாரத்தில் ஒரு வாரம் மட்டும் வருபவனை எந்தக் குழு வைத்துக்கொள்ளும்? சந்தா மட்டும் மூன்று வாரத்துக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது முதல் வருடப் பாடம். மாதச் சந்தா என்பது ஃபிக்ஸட் காஸ்ட். ஆடினாலும் அதேதான், ஆடாவிட்டாலும் அதேதான். டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதே 14.99 டாலருக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்தால் கிட்டத்தட்ட 1,500 ரூபாய். மாதம் 50 மணி நேரம் ஆடுபவருக்கு மணிக்கு 30 ரூபாய்தான், டீயும் வடையும் சாப்பிடும் செலவு. 10 மணி நேரம் ஆடுபவருக்கு மணிக்கு 150. அதற்கு ப்ரௌசிங் சென்டர் காலமே தேவலை!

நாம் ஐம்பது மணி நேரம் ஆடுவோம் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். டெல்லாவிக்னா, மால்மென்டியர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2006இல் அமெரிக்க உடற்பயிற்சிக் கூடங்களைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் சந்தா கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரியாக நாலு முறைதான் போயிருக்கிறார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் ஆகிறது. 10 டாலர் டிக்கெட் வாங்கிப் போயிருந்தால் லாபம்! ஜிம்முக்கு நடந்தது கேமுக்கும் நடக்கும்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2010 அக்டோபரில் 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர்களைத் தொட்டது. பிறகு இறங்குமுகம். 2015க்குப் பிறகு எண்ணிக்கையை வெளியிடுவதையே கம்பெனி நிறுத்திக்கொண்டது. 'ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்' 2011 டிசம்பரில் மூடப்பட்டது. 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' 2012 நவம்பரில். வருடக்கணக்கில் சந்தா கட்டி வளர்த்த கதாபாத்திரங்கள் ஒரே இரவில் இல்லாமல் போயின. வாடகை வீட்டுக்கு எத்தனை வருடம் வாடகை கொடுத்தாலும் பத்திரம் நம் பெயருக்கு வராது என்பது போலத்தான்.

அந்த இடத்தைப் பிடித்தது 'இலவசம்'. இந்தியா சந்தா காலத்தைத் தாண்டி நேராக இங்கே குதித்தது. 2018இல் பப்ஜி மொபைல். உள்ளே நுழையக் காசு இல்லை. துப்பாக்கிக்கு மேல் பெயிண்ட், சட்டை, ராயல் பாஸ் என்றுதான் காசு. 2020 செப்டம்பர் 2 அன்று அரசு தடை செய்தபோது, வாங்கிய சட்டைகள் எல்லாம் அந்தரத்தில் நின்றன. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பியது. 2022 ஜூலையில் மறுபடி காணாமல் போய், 2023 மே மாதம் மறுபடி வந்தது. மீட்டர் வைத்தவன் நம் நேரத்தை இழுக்கப் பார்த்தான். சந்தா வாங்கியவன் நாம் விட்டுப் போகாமல் பார்த்துக்கொண்டான். இலவசம் என்பவன் நாம் எப்போது பலவீனமாக இருப்போம் என்று காத்திருக்கிறான். மூவரில் நடுவில் உள்ளவன்தான் கொஞ்சம் நேர்மை. எவ்வளவு போகும் என்பதாவது மாதம் பிறக்கும்போதே தெரியும்.

இதையெல்லாம்விட ஆபத்தான நாலாவது ஆள் ஒருவன் வந்தான். பணம் கட்டி ஆடும் ரம்மி, போக்கர். அதில் போன உயிர்களும் குடும்பங்களும் தமிழ்நாட்டுக்குத் தெரியும். 2021இல் தமிழ்நாட்டின் தடைச் சட்டத்தை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2023 ஏப்ரலில் புதிய சட்டம் வந்தது. அந்த நவம்பரில் ரம்மி, போக்கர் மீதான தடை மட்டும் கழன்றது. 2025 பிப்ரவரியில் பண விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பூட்டு, ஆதார் சரிபார்ப்பு என்று விதிகள் வந்தன. ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் அவை செல்லும் என்றது. கர்நாடகத்திலோ 2021இல் கொண்டுவந்த தடையை 2022 பிப்ரவரியில் அங்குள்ள நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. ஆக, சில மாதங்களுக்கு ஜூஜூவாடியில் நள்ளிரவில் பூட்டு, ஒரு பஸ் தூரத்தில் அத்திப்பள்ளியில் திறப்பு!

2025 ஆகஸ்ட் 22 அன்று ஜனாதிபதி ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம் பண விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடை செய்தது. அதே சட்டம் இன்னொன்றையும் எழுதி வைத்திருக்கிறது. பொழுதுபோக்கு விளையாட்டுகளில் நுழைவதற்குச் சந்தாவோ ஒருமுறைக் கட்டணமோ வாங்கலாம், அது பந்தயப் பணமாக இருக்கக் கூடாது. அல்டிமா ஆன்லைன் காலத்தில் தொடங்கிய மாதச் சந்தா, 28 வருடம் கழித்து இந்தியச் சட்டப் புத்தகத்தில் சூதாட்டம் அல்லாத கட்டணமாக இடம்பிடித்துவிட்டது.

ஆக, கட்டலாமா? மாதம் 40, 50 மணி நேரம் நிச்சயம் கிடைக்கும், ஒரே ஷிப்டில் நாலு நண்பர்கள் சேர்ந்து ஆடுவார்கள் என்றால் தாராளமாகக் கட்டலாம். ஷிப்ட் வாராவாரம் மாறுகிறவருக்கு வேண்டாம். ஒரு மாதம் மட்டும் கட்டிப் பார்க்க நினைப்பவர் ஆட்டோபேயை அன்றே நிறுத்தி வைக்கலாம். கார்டில் தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் கடுமையான விதி போட்டிருக்கிறது. எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்பியாக வேண்டும். அந்த எஸ்எம்எஸ் வரும் நாளில், போன மாதம் எத்தனை மணி நேரம் ஆடினோம் என்று ஒரு தாளில் எழுதி 1,500ஐ அதால் வகுத்துப் பாருங்கள்.