சமூகத் தொழில்நுட்ப அமைப்பு ஆய்வு

சமூகத் தொழில்நுட்ப அமைப்பு ஆய்வு என்பது இரண்டாம் உலகப் போருக்குப் பின் லண்டனில் கிளைத்த ஒரு மேலாண்மை ஆராய்ச்சி மரபு. பணியிடத்தில் இயந்திரமும் மனிதக் கூட்டும் ஒன்றோடொன்று பிணைந்தே இயங்குகின்றன. ஒன்றை மட்டும் சீர்திருத்தப் போனால் மற்றது சீர்கெடும் என்பது அதன் அடிப்படை. அதைவிடத் துணிச்சலான கருத்து ஒன்றும் அதற்கு உண்டு: எந்த இயந்திரமும் இன்ன விதமாகத்தான் வேலையைப் பங்கிட வேண்டும் என்று கட்டளையிடுவதில்லை. அதே இயந்திரத்தை வேறோர் ஏற்பாட்டிலும் ஓட்டலாம். பலன் வேறாக இருக்கும். இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கம், அகமதாபாத்தின் தறிக்கூடம், நார்வேயின் உர ஆலை, ஸ்வீடனின் கார் ஆலை எனப் பல இடங்களில் இக்கருத்து சோதிக்கப்பட்டது. சோதனைகள் பெரும்பாலும் வென்றன. ஆனால் வென்ற முறை பக்கத்து ஆலைக்குக்கூடப் பரவியது அரிது. இத்துறையின் வரலாறு பெரும்பாலும் இந்த முரணின் வரலாறுதான்.

தோற்றம்

டாவிஸ்டாக் மனித உறவு நிறுவனம் 1947-ல் தனி அமைப்பாகப் பதிவானது. அதன் வேர் 1920-ல் தொடங்கிய டாவிஸ்டாக் மனநல மருத்துவமனையில் இருக்கிறது. போர்க்காலத்தில் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் பணியில் அங்கிருந்த மருத்துவர்களும் உளவியலாளர்களும் ஈடுபட்டிருந்தார்கள். தலைவன் என்று யாரையும் நியமிக்காமல் ஒரு குழுவிடம் வேலையை ஒப்படைத்து, அது எப்படித் தன்னை ஒழுங்குசெய்துகொள்கிறது என்று கவனிக்கும் உத்தியை அவர்களில் ஒருவரான வில்ஃபிரட் பயோன் அப்போது உருவாக்கினார். போர் முடிந்தபின் இவர்களின் பார்வை தொழிற்சாலைகள் மீது திரும்பியது. அமெரிக்காவில் கர்ட் லெவின் நிறுவிய குழு ஆய்வு மையத்துடன் சேர்ந்து 1947-ல் 'ஹியூமன் ரிலேஷன்ஸ்' என்ற ஆய்விதழையும் தொடங்கினார்கள்.

அதே ஆண்டு ஜனவரி 1 அன்று பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்கள் அரசுடைமையாயின. முதலாளி போய் தேசிய நிலக்கரி வாரியம் வந்தது. புதிய இயந்திரங்களும் இறங்கியிருந்தன. அப்படியும் எதிர்பார்த்த அளவுக்கு உற்பத்தி ஏறவில்லை. ஆள் வராமை, வேலையை விட்டு விலகல், தகராறு ஆகியவை குறையவுமில்லை.

சுரங்கத்துக்குள்

டாவிஸ்டாக்கின் உளவியலாளர் எரிக் டிரிஸ்ட்டும், 18 ஆண்டுகள் கரி வெட்டிய அனுபவமுள்ள கென் பாம்ஃபோர்த்தும் சேர்ந்து 1951-ல் எழுதிய கட்டுரை இத்துறையின் தொடக்கமாகவே கருதப்படுகிறது. முதலாமவருக்குக் கோட்பாடு தெரியும். இரண்டாமவருக்குச் சுரங்கத்தின் இருட்டு தெரியும்.

பழைய முறையில் இரண்டு அல்லது மூன்று பேர் ஒரு சிறு கரிமுகப்பைக் குத்தகைபோல ஏற்றுக்கொள்வார்கள். வெட்டுவது, முட்டுக்கால் கொடுப்பது, கரியைத் தள்ளிக்கொண்டு போவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. கூட்டாளியை அவரவரே தேர்ந்துகொள்வார்கள். அந்த உறவு பல ஆண்டுகள் நீடிக்கும். ஒருவர் அடிபட்டாலோ இறந்தாலோ அவர் குடும்பத்தை மற்றவர் பார்த்துக்கொள்வதும் உண்டு.

கன்வேயர் பெல்ட்டும் வெட்டு இயந்திரமும் வந்தபின் இந்த ஏற்பாடு மறைந்தது. சிறு முகப்புகளுக்குப் பதிலாக 180 முதல் 200 கஜம் நீளமுள்ள ஒரே முகப்பு. அதில் மூன்று ஷிப்டுகளாகப் பிரித்து 40 பேர். முதல் ஷிப்டில் பத்துப் பேர் துளையிட்டுக் கரியின் அடியை அறுப்பார்கள். அடுத்த பத்துப் பேர் பாதையை உயர்த்தி, பெல்ட்டைக் கழற்றி முன்னே நகர்த்திப் பூட்டுவார்கள். மூன்றாவது ஷிப்டில் வரும் இருபது பேர் கரியை அள்ளி பெல்ட்டில் போடுவார்கள். மொத்தம் ஏழு வகை வேலை. ஒருவர் ஒரு வேலையைத்தான் செய்வார். கூலியும் தனித்தனி.

கரி அள்ளுபவருக்கு எட்டுப் பத்துக் கஜ நீளம் ஒதுக்கப்படும். முந்தைய ஷிப்டார் அடியைச் சரியாக அறுக்காமல் விட்டிருந்தால், அல்லது பெல்ட் கோணலாகப் பூட்டப்பட்டிருந்தால், அந்தப் பாவம் இவர் தலையில்தான் விழும். தவறு செய்தவர் அதற்குள் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். மூன்று ஷிப்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதே இல்லை. ஒரு ஷிப்டின் குறை அடுத்ததில் பெருகி, முழுச் சுற்றும் நின்றுபோகும்.

இந்த நெருக்கடிக்குத் தொழிலாளர்கள் கண்ட வழிகளை டிரிஸ்ட்டும் பாம்ஃபோர்த்தும் நான்காக வகுத்தார்கள். சிலர் தங்களுக்குள் சிறு கூட்டு வைத்துக்கொண்டார்கள். சிலர் நல்ல இடம் கிடைக்கத் தனியே காய் நகர்த்தினார்கள். முட்டுக்கால் மரத்தில்கூடச் சின்னச் சின்ன ஏமாற்று நடந்தது. எல்லாரும் அடுத்த ஷிப்டின் மேல் பழி போட்டார்கள். தாங்க முடியாதபோது வேலைக்கு வராமல் இருந்தார்கள். தொழிலாளியின் சோம்பல் என்று நிர்வாகம் எண்ணிய ஒவ்வொன்றும் வேலைப் பங்கீட்டின் விளைவு என்று கட்டுரை காட்டியது.

மாற்று வழியை ஆய்வாளர்கள் கண்டுபிடிக்கவில்லை. அது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. பாம்ஃபோர்த் தாம் முன்பு வேலைசெய்த தெற்கு யார்க்‌ஷயரின் எல்சிகர் சுரங்கத்துக்குத் திரும்பிப் போனபோது, அங்கு ஹெய்மூர் என்ற கரி அடுக்கில் தொழிலாளர்களும் மேலாளரும் பேசி ஒரு புதிய முறையை வகுத்திருந்தார்கள். இயந்திரம் புதிது; குழுவோ பழைய முறைப்படி தன் பொறுப்பைத் தானே ஏற்றது.

ஒரே அடுக்கு, இரண்டு ஏற்பாடு

1950-களில் டர்ஹாம் சுரங்கங்களில் இன்னும் கறாரான ஒப்பீடு கிடைத்தது. ஒரே கரி அடுக்கு, ஒரே இயந்திரங்கள், ஏறத்தாழ ஒரே அளவு ஆட்கள். ஒரு முகப்பில் வழக்கமான பிரிவினை. மற்றதில் 41 பேர் தாங்களே சேர்ந்து ஒரு குழுவாகி, ஒரே சம்பளச் சீட்டில் கிடைத்த பணத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். யார் எந்த ஷிப்டில் எந்த வேலை என்பதையும் அவர்களே முடிவுசெய்தார்கள். தன் வேலை முடிந்ததும் உட்கார்ந்துவிடாமல் அடுத்த கட்ட வேலையைக் கையிலெடுத்தார்கள்.

வழக்கமான முகப்பில் ஒருவர் ஒரே ஒரு முதன்மை வேலையைச் செய்தார். கூட்டு முகப்பில் சராசரி 3.6. முன்னதன் உற்பத்தி, அந்த முகப்பால் முடியும் என்று மதிப்பிட்ட அளவில் 78 சதவீதம். பின்னதில் 95 சதவீதம். வேலைக்கு வராமை 20 சதவீதமாக இருந்த இடத்தில் 8.2. அதில் விபத்தால் வராதவர்களின் பங்கும் 6.8-லிருந்து 3.2 ஆகக் குறைந்திருந்தது. இந்த ஆய்வை டிரிஸ்ட்டும் கூட்டாளிகளும் 1963-ல் 'ஆர்கனைசேஷனல் சாய்ஸ்' என்ற நூலாக வெளியிட்டார்கள். ஆனால் நிலக்கரி வாரியம் அந்த முறையைப் பரப்ப முன்வரவில்லை.

அகமதாபாத்

இதற்கிடையே டாவிஸ்டாக்கின் கென்னத் ரைஸ் இந்தியாவுக்கு வந்திருந்தார். அழைத்தவர் அகமதாபாத் கேலிகோ ஆலைகளின் தலைவர் கௌதம் சாராபாய். தொழிலுறவில் அந்தக் குடும்பத்துக்கும் ஊருக்கும் நீண்ட வரலாறு உண்டு. 1918 மில் வேலைநிறுத்தத்தில் கௌதமின் தந்தை அம்பாலால் முதலாளிகள் பக்கமும், அத்தை அனசூயா தொழிலாளர்கள் பக்கமும் நின்றார்கள். காந்தி உண்ணாவிரதம் இருந்ததும் அதே போராட்டத்தில்தான்.

1952-ல் கேலிகோவின் ஜூபிலி ஆலையில் தானியங்கித் தறிகள் வந்தன. பொறியாளர்கள் நேர ஆய்வு செய்து 224 தறிகளுக்கும் ஆட்களை அளந்து வைத்தார்கள்: ஒரு ஷிப்டுக்குச் சுமார் 30 பேர், 12 வகை வேலை. நெசவாளர், ஊடை நூல் தார்களை நிரப்புபவர், பாவு கொத்தாக அறுந்தால் சரிசெய்பவர், தறியைப் பராமரிக்கும் ஜாபர், எண்ணெய் போடுபவர், துணி சுமப்பவர், கூட்டுபவர் என்று பட்டியல் நீண்டது. ஒவ்வொரு கணக்கும் தனியே சரி. சேர்த்துப் பார்த்தால்தான் சிக்கல் தெரிந்தது. நெசவாளர் எட்டுப் பேர். தார் நிரப்புபவர் ஐந்து. அறுந்த பாவைச் சரிசெய்பவர் மூன்று. ஆகவே ஒரு நெசவாளருக்குக் கிடைத்தது தார் நிரப்புபவரில் எட்டில் ஐந்து பங்கு, பாவு சரிசெய்பவரில் எட்டில் மூன்று பங்கு. யார் யாருக்கு வேலை செய்கிறார், யார் சொல்வதை யார் கேட்பது என்று எவருக்கும் பிடிபடவில்லை. நூலின் ரகம் மாறினால் நூல் அறுவது கூடும் அல்லது குறையும். பங்கு இன்னும் குழம்பும். புதிய தறிகள் வந்தும் உற்பத்தி உயரவில்லை. சேதத் துணியும் குவிந்தது.

64 தறிகளுக்கு ஏழு பேர் கொண்ட குழு; அந்தத் தறிகளின் எல்லா வேலையும் அதன் பொறுப்பு என்று ரைஸ் ஒரு யோசனையை முன்வைத்தார். மேற்பார்வையாளர்களும் தொழிலாளர்களும் அதைக் கையிலெடுத்துக்கொண்ட வேகம் அவரே எதிர்பாராதது. யாரோடு யார் சேர்வது என்பதைத் தொழிலாளர்களே பேசி முடித்தார்கள். 1953-ல் சோதனை தொடங்கியது. தறிகளின் செயல்திறன் 80 சதவீதத்திலிருந்து 95-க்கு ஏறியது. சேதம் சராசரியாக 32 சதவீதத்திலிருந்து 20-க்கு இறங்கியது. அடுத்து, சாதாரணத் தறிகள் ஓடிய கூடத்துக்கும் முறை நீட்டிக்கப்பட்டது. 1958-ல் ரைஸின் நூல் வெளிவந்தபின் அகமதாபாத் மேலாண்மைப் பாடநூல்களில் இடம்பிடித்தது.

டாவிஸ்டாக்கின் எரிக் மில்லர் 1970-ல் அதே ஆலைக்குத் திரும்பிப் போனார். ஒரு கூடத்தில் குழு முறை 16 ஆண்டுகளாக ஏறக்குறைய அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. மற்றவற்றில் அது தேய்ந்து பழைய வழக்கத்துக்கு நழுவியிருந்தது. குழுவுக்கு வெளியே சந்தையும் நூலும் துணி ரகமும் மாறிக்கொண்டே இருந்தன. அந்த அலைச்சலிலிருந்து குழுவைக் காப்பது யார் வேலை என்பது வடிவமைப்பில் இல்லை.

ரைஸின் கணக்கிலும் கேள்விகள் எழுந்தன. குழு முறையோடு கூலியும் உயர்ந்தது. அப்படியானால் உற்பத்தியைக் கூட்டியது எது? ஜான் கெல்லி 1978-ல் எழுதிய மறுமதிப்பீடு இதைக் கூர்மையாகக் கேட்டது. பல சோதனைகளின் வெற்றிக்குத் தன்னாட்சியைவிட ஊக்கக் கூலியும் வேலைச்சுமை கூடியதுமே காரணமாக இருக்கலாம் என்றார் அவர். அந்தக் கட்டுரை வெளியானது டாவிஸ்டாக் தொடங்கிய அதே 'ஹியூமன் ரிலேஷன்ஸ்' இதழில்தான். இந்தியாவில் 1970-களில் தேசியத் தொழிலாளர் நிறுவனத்தின் நிதீஷ் டே, ஹரித்வாரின் பாரத மிகுமின் நிறுவன (பெல்) ஆலை போன்ற பொதுத்துறை இடங்களில் இம்மரபைத் தொடர்ந்தார்.

வடக்கு நாடுகள்

நார்வேயில் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் முதலாளிகள் சங்கமும் சேர்ந்தே 1962-ல் தொழில் ஜனநாயகத் திட்டத்தைத் தொடங்கின. ஐனார் தோர்ஸ்ருடும் ஆஸ்திரேலியரான ஃபிரெட் எமரியும் அதை நடத்தினார்கள். ஹூன்ஸ்ஃபோஸ் காகித ஆலை, நோர்ஸ்க் ஹைட்ரோவின் உர ஆலை ஆகியவை முக்கியக் களங்கள். இங்கும் ஆலைக்கு ஆலை பரவல் மெதுவாகவே இருந்தது. ஆனால் கருத்து வேறு வாசல் வழியாக நுழைந்தது: 1977-ன் நார்வே பணிச்சூழல் சட்டம், வேலையின் வடிவமைப்பையே தொழிலாளியின் நலன் சார்ந்த பொருளாக ஏற்றது.

ஸ்வீடனில் வால்வோ நிறுவனம் 1974-ல் கால்மரில் திறந்த ஆலையில் நகரும் கன்வேயர் இல்லை. தனித்தனி வண்டிகளில் கார்கள் குழுவிலிருந்து குழுவுக்கு நகர்ந்தன. 1980-களின் இறுதியில் இயங்கத் தொடங்கிய உத்தேவல்லா ஆலை இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கு சிறு குழு முழுக் காரையே பூட்டியது. 1990-ல் வந்த 'தி மெஷின் தட் சேஞ்ஜ்டு தி வேர்ல்டு' நூல் டொயோட்டா பாணியை உயர்த்திப் பிடித்து, உத்தேவல்லாவைக் கைவினைக்குத் திரும்பும் கனவு என்று ஒதுக்கியது. விற்பனை சரிந்தபோது வால்வோ 1993-ல் உத்தேவல்லாவையும் 1994-ல் கால்மரையும் மூடியது.

மூடலுக்குக் காரணம் குழு முறைதானா என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் உடன்படவில்லை. 1993-ல் பால் ஆட்லரும் ராபர்ட் கோலும் உத்தேவல்லாவை, கலிபோர்னியாவில் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டாக நடத்திய ஆலையோடு ஒப்பிட்டு, கற்றுக்கொள்ளும் திறனில் டொயோட்டா முறையே மேல் என்றார்கள். ஸ்வீடன் ஆய்வாளர் கிறிஸ்டியன் பெர்க்ரன் மறுத்தார். இரண்டு ஆலைகளும் சிறியவை, உடற்கூடும் வண்ணப்பூச்சும் வேறிடத்தில் நடந்தன, அவற்றை மூடுவதுதான் நிறுவனத்துக்கு எளிது என்பது அவர் தரப்பு வாதம்.

கணினிக் காலம்

மான்செஸ்டரில் எனிட் மம்ஃபோர்ட் இம்மரபை அலுவலகக் கணினிக்குக் கொண்டுவந்தார். மென்பொருளைப் பயன்படுத்தப்போகும் குமாஸ்தாக்களும் விற்பனையாளர்களும் அதன் வடிவமைப்பில் உட்கார வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் 1980-களில் விற்பனையாளருக்கான ஒரு மென்பொருளை அவ்வாறு உருவாக்க அவர் துணைநின்றார்.

இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை 2002-ல் தொடங்கிய கணினிமயத் திட்டம் எதிர்த் திசையில் போனது. நோயாளியின் பதிவேட்டுக்கான மென்பொருளை வாங்க மையத்தில் ஒப்பந்தம் போடப்பட்டது. ஒவ்வொரு மருத்துவமனையும் தன் வார்டு, ஆய்வகம், மருந்தகம் ஆகியவற்றின் நடைமுறையை அதற்கேற்ப வளைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. உள்ளூர் ஊழியர்களுக்குத் தங்கள் வேலைமுறையை வகுத்துக்கொள்ள இடம் விட வேண்டும் என்று கென் ஈசன் போன்ற சமூகத் தொழில்நுட்ப ஆய்வாளர்கள் 2007-லேயே எழுதினார்கள். 2011-ல் அரசு அத்திட்டத்தைக் கலைப்பதாக அறிவித்தது.