ஆஸ்துமா: நோயறிதலும் பரிகாரமும்

சுவாசக் குழல்களின் உட்சுவர் நெடுங்காலம் அழற்சியுற்று வீங்கி, புழுதி, புகை, குளிர்காற்று, சளிக்காய்ச்சல் போன்ற சாமானியத் தூண்டுதல்களுக்கும் சுருங்கிக்கொள்ளும் சுபாவத்தை அடைந்துவிடுவதால், இளைப்பும் இருமலும் நெஞ்சிறுக்கமும் வந்து வந்து போகின்ற வியாதியே ஆஸ்துமா எனப்படும். ஈளை, இழுப்பு, இரைப்பு என்பன நம் நாட்டு வழக்கு. குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரும் தாய்மார் இக்காலத்தில் ‘வீசிங்’ என்றே சொல்கிறார்கள். இந்நோயின் சரித்திரத்தை நோக்குமிடத்து, மூச்சு முட்டும் அந்த ஓர் இரவைக் கடத்துவதற்குரிய உபாயங்களையே வைத்தியர்கள் பல நூற்றாண்டுகளாகத் தேடி வந்தனர் என்பதும், இழுப்பு இல்லாத நாட்களிலும் நோய் உள்ளே இருக்கின்றது என்னும் உண்மை மிகவும் பிற்பட்ட காலத்தில்தான் சிகிச்சைக்கு ஆதாரமாயிற்று என்பதும் புலனாகும்.

சுவாச ரோகத்தை ஐந்தாக வகுத்த சரக சம்ஹிதை, அவற்றுள் தமக சுவாசம் என்பதற்குக் கூறும் லட்சணங்கள், படுத்தால் மூச்சுத் திணறுவதும், எழுந்து உட்கார்ந்தால் சற்றே சுகம் காண்பதும், மேகமூட்டத்திலும் குளிரிலும் கீழைக்காற்றிலும் உபத்திரவம் மிகுவதும் ஆகும். நோயாளியின் கட்டிலருகே இருந்து கண்டவர் எழுதியது போலவே அவை அமைந்துள்ளன. ஐரோப்பாவில், 1552இல் ஸ்காட்லாந்து சென்று பேராயர் ஜான் ஹாமில்டனுக்கு வைத்தியம் பார்த்த இத்தாலியரான கார்டானோ, இறகு அடைத்த படுக்கையை விலக்கச் சொன்னார். ஒவ்வாமை என்னும் கருத்தே தோன்றாத காலத்தில் அவ்வளவு சரியான இடத்தில் கை வைத்தது வியப்புக்குரியதே.

ஆங்கில வைத்தியத்துக்கு இவ்விஷயத்தில் சென்னை அளித்த கொடை ஒன்று உண்டு. இங்கே ஊமத்தைச் செடியை உலர்த்தி அதன் புகையை உள்ளிழுத்து இரைப்பைத் தணிக்கும் வழக்கத்தைச் சென்னையின் தலைமை வைத்தியராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் அறிந்து, அந்நோயால் வருந்திய ஜெனரல் ஜென்ட் என்பவருக்குச் சொல்ல, அவர் 1802இல் அம்மூலிகையைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். அதன் பின்னர் அங்கே ஊமத்தைச் சுருட்டுகள் மருந்துக் கடைகளில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் விற்பனையாயின. அச்செடியிலுள்ள அட்ரோபின் குழல்களின் தசையைத் தளர்த்துவது மெய்யே; அளவு மிஞ்சினால் நாவை வறட்டிப் புத்தியையும் பேதலிக்கச் செய்யும் என்பதும் மெய்யே.

தாமே நோயாளியாயிருந்த ஹென்றி ஹைட் சால்ட்டர் 1860இல் வெளியிட்ட நூல், தசைச் சுருக்கமே நோயின் சாரம் என்னும் கொள்கையை வேரூன்றச் செய்தது. கடுங்காப்பி நல்ல பரிகாரம் என்றும் அவர் கண்டார். அழற்சியின் அடையாளமான இயோசினோபில் அணுக்கள் நோயாளியின் கோழையில் அந்நூற்றாண்டிலேயே காணப்பட்டிருந்தும் அவற்றின் பொருள் உணரப்படவில்லை. அதற்கு நேர்மாறாக, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இது மனத்தில் பிறக்கும் நோய் என்று பலர் நம்பி, அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்தும் சிகிச்சை செய்தனர். தூசியையும் பூச்சியையும் விட்டுவிட்டுத் தாயைக் குற்றவாளியாக்கியது வைத்திய சாஸ்திரத்துக்குப் பெருமை தருவதன்று.

1956இல் அளவாக மருந்து பீய்ச்சும் இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது. சட்டைப் பையில் அடங்கும் அக்கருவி க்ஷணத்தில் சுகம் தந்தது. ஆயினும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1959க்குப் பின் ஏழாண்டுகளில் 10 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடையே ஆஸ்துமா மரணம் ஏறக்குறைய எட்டு மடங்காகப் பெருகியது. இன்ஹேலரிலிருந்த ஐசோப்ரினலின் மருந்தை மேன்மேலும் இழுத்துக்கொண்டு, சுகம் கிடைக்கிறதே என்ற நம்பிக்கையில் ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதித்ததும் அம்மருந்தின் வேகமும் காரணங்களெனக் கூறப்பட்டன. இதயத்தை அவ்வளவாக அலைக்கழிக்காத சால்பியூட்டமால் 1969இலும், அழற்சியையே தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் 1972இலும் வந்தன. இவ்விரண்டில் பின்னதே நோயின் கதியை மாற்றியது என்று துணிந்து கூறலாம்.

நோயைத் துணிவதில் அளவீடு காலந்தாழ்த்தே புகுந்தது. ஜான் ஹட்சின்சன் 1846இல் மூச்சின் கொள்ளளவை அளக்கும் ஸ்பைரோமீட்டரை அமைத்தார். கையடக்கமான பீக் ஃப்ளோ மீட்டருக்கு மூலமான கருவி 1959இல் வந்தது. ஸ்பைரோமீட்டர் சோதனையில், பெரியவர் மூக்கைக் கிளிப்பால் அடைத்துக்கொண்டு, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, ஒரே வேகத்தில் ஊதித் தள்ளுவார். முதல் விநாடியில் வெளிவந்த காற்றைக் குறித்துக்கொண்டு, குழல் விரிக்கும் மருந்தைக் கொடுத்து, சுமார் 15 நிமிடம் கழித்து மீண்டும் ஊதச் செய்வர். அது 200 மில்லிலிட்டரும் 12 சதவீதமும் கூடினால் அடைப்பு மீளத்தக்கது எனக் கொள்வது வழக்கம். சோதனை நாளில் முடிவு சரியாயிருந்தமையால் மட்டும் நோயில்லை என்று சாதித்துவிடலாகாது. நெடுநாள் புகைபிடித்தவரின் நுரையீரல் நோயும், இதயத்தின் பலவீனமும் இதே வேஷத்தில் வரக்கூடும். மாவு மில், மர அறுவைப் பட்டறை முதலிய இடங்களில் உழைப்போரிடம், விடுமுறையில் மூச்சு இலேசாகிறதா என்று கேட்பதும் அவசியம்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை அவ்வாறு ஊத அறியாது. ஆகவே சளி பிடிக்காத நாட்களிலும் இளைப்பு வருகிறதா, சிரித்தாலும் ஓடினாலும் இருமுகிறதா, கரப்பான் உண்டா, பெற்றோர்க்கு இந்நோய் உண்டா என்னும் விசாரணையும், இரண்டு மூன்று மாதம் மருந்து கொடுத்துப் பார்க்கும் பரீட்சையுமே துணை. இளைப்பு திடீரென்று ஒருநாள் தொடங்கி, நெஞ்சில் ஒரு பக்கமே சத்தம் கேட்டால் வேர்க்கடலை போன்ற பொருள் குழலில் சிக்கியிருக்கலாம் என ஐயுற வேண்டும்.

இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்று அஞ்சி மாத்திரைக்கும் சிரப்புக்கும் ஓடும் வழக்கம் நம்மிடை இன்னும் நீங்கவில்லை. இழுத்துக் கொள்ளும் மருந்து மைக்ரோகிராம் கணக்கில் நேரே குழலைச் சேர்வதால், விழுங்கும் மருந்தைவிடக் குறைவான அளவே உடலுக்குள் பரவுகிறது. ஸ்டீராய்டு இன்ஹேலரால் பிள்ளைகளின் உயரம் சிறிது, பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர் அளவில், குறையக்கூடும். அடங்காத ஆஸ்துமாவுக்கு முன் அது அற்பமே. குழந்தைக்கு, பீய்ச்சிய மருந்தைத் தாங்கி நிற்கும் குடுவையான ஸ்பேஸரும் முகமூடியும் பொருத்தி, முகத்தோடு இடைவெளியின்றி அழுத்தி, ஒவ்வொரு பீய்ச்சலுக்கும் ஐந்தாறு மூச்சு விடச் செய்ய வேண்டும். பிறகு வாய் கொப்பளிக்கச் செய்து, முகத்தையும் துடைத்துவிட வேண்டும்.

குழல் விரிக்கும் மருந்தை மட்டும் தனியே நம்பியிருத்தல் கூடாது என்று, பெரியவர்களுக்கும் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், ஜினா என்னும் சர்வதேச அமைப்பு 2019இல் தன் வழிகாட்டு நெறியைத் திருத்தியது. அதன்படி, இளைப்பு வரும்போது இழுக்கும் மருந்திலும் சிறிதளவு ஸ்டீராய்டு கலந்திருத்தல் வேண்டும். மூன்று மாதம் நோய் நன்கு அடங்கியிருந்தால் அளவைப் படிப்படியாகக் குறைப்பர்.